நாளையிலிருந்து கண்டிப்பா நடக்கிறேன்!

கள்ளக்குறிச்சியில் துருகம் சாலைப் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்ளுங்கள். வீட்டுக்காரருக்கு வயது 47. காலையில் பைக்கில் ஆபீஸ். மாலையில் பைக்கில் வீடு. அப்புறம் டி.வி.க்கு எதிரே நாற்காலி. ஒன்றரை மாதத்துக்கு முன்பு ரத்தப் பரிசோதனை செய்து பார்த்ததில் டாக்டர் சொன்னார்: "ஷுகர் எல்லைக்கோட்டில் நிக்குது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம். சாப்பாட்டைக் கவனிங்க. தினமும் அரை மணி நேரம் நடங்க. மூணு மாசம் கழிச்சு மறுபடி பார்ப்போம்."

அன்று மாலையே ஷூ வாங்கியாகிவிட்டது. அலாரம் ஐந்து மணிக்கு. முதல் நான்கு நாள் அவர் நடந்த நடையைப் பார்த்துத் தெருவே அசந்து போனது. ஐந்தாம் நாள் மழை. ஆறாம் நாள் சின்னசேலத்தில் சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம். ஏழாம் நாள் அலாரம் அடித்தது. ஒரு கை மட்டும் போர்வையிலிருந்து வெளியே வந்து அதை நிறுத்தியது.

"ஏங்க, வாக்கிங் போகலையா?"

"நாளையிலிருந்து கண்டிப்பா நடக்கிறேன்... தூங்க விடு!"

அந்த 'நாளை' இன்னும் வரவில்லை. ஷூ திரும்பவும் அட்டைப் பெட்டிக்குள் போய்விட்டது. டாக்டர் கொடுத்த மூன்று மாதத்தில் பாதி ஓடிவிட்டது.

இவர் சோம்பேறியா? மன உறுதி இல்லாதவரா? வீட்டில் எல்லோரும் அப்படித்தான் நினைக்கிறார்கள். அவரும் தன்னைப் பற்றி அப்படித்தான் நினைக்க ஆரம்பித்துவிட்டார். மனோதத்துவம் வேறு மாதிரி சொல்கிறது. இவரிடம் ஆர்வத்துக்குக் குறைவில்லை. ஆர்வம் ஒன்றையே நம்பிப் புறப்பட்டதுதான் தவறு. எப்படி என்று இந்தப் பாடத்தில் பார்க்கலாம்.

மலையில் யாருக்கும் அலாரம் தேவையில்லை

கள்ளக்குறிச்சியிலிருந்து கச்சிராயபாளையம் போய், கோமுகி அணையைக் கடந்து மலைப்பாதையில் ஏறினால் வெள்ளிமலை. அதையும் தாண்டி உள்ளே போனால் கல்வராயன் மலையின் சின்னச் சின்ன கிராமங்கள். அங்கே வாழும் பழங்குடி மக்களுக்கு 'மலையாளிகள்' என்று பெயர். கேரளத்துக்காரர்கள் அல்ல, தமிழ் பேசுகிற நம் மலைவாசிகள்.

அந்த உள் கிராமங்களில் சாமை விதைத்த நிலத்துக்குப் போக வேண்டுமா? நடை. விறகு வேண்டுமா? நடை. கடுக்காய் பொறுக்க வேண்டுமா? ஏற்றமும் இறக்கமுமாக நடை. அங்கே ஒரு பெரியவரிடம் போய், "தினமும் எத்தனை நிமிஷம் வாக்கிங் போறீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். உங்களை மேலும் கீழும் பார்ப்பார்!

அவர்களுக்கு மன உறுதி நம்மைவிட அதிகம் என்று அர்த்தமில்லை. நடக்காவிட்டால் அன்றைய வேலை நடக்காது, அவ்வளவுதான். நடை அவர்களுடைய நாளுக்குள்ளேயே கலந்திருக்கிறது. யாரும் அதைத் தனியாக ஞாபகம் வைத்துக்கொள்ள வேண்டியதில்லை.

இதைக் கேட்டு, "ஆஹா, என்ன ஆரோக்கியமான வாழ்க்கை!" என்று உருகிவிட வேண்டாம். பாதை இல்லாத ஊரில் பிரசவ வலி எடுத்த பெண்ணைக் கீழே கொண்டுவருவது என்ன பாடு என்று அவர்களைக் கேட்டால்தான் தெரியும். அவர்களுக்கு ரோடு வர வேண்டும், பஸ் வர வேண்டும், ஆஸ்பத்திரி வர வேண்டும். ஆனால் ரோடும் பைக்கும் வந்த பிறகு, கீழே இருக்கும் நமக்கு வந்த கேள்வி ஒரு நாள் அவர்களுக்கும் வரும்.

நம் பாட்டிகள் கிணற்றில் நீர் சேந்தினார்கள். ஆட்டுக்கல்லில் மாவு ஆட்டினார்கள். தாத்தாக்கள் சந்தைக்கு நடந்து போனார்கள். மோட்டார் வந்தது, கிரைண்டர் வந்தது, பைக் வந்தது. நல்லதுதான், யாரும் பழைய கஷ்டத்துக்குத் திரும்ப வேண்டாம். ஆனால் உடம்பை அசைய வைத்த 'தேவை' போய்விட்டது. உடம்புக்கு அசைவு தேவை என்பது மட்டும் போகவில்லை. காலியான அந்த இடத்தில் எதை வைப்பது?

பயம் எத்தனை நாள் நடக்க வைக்கும்?

நாம் பெரும்பாலும் அங்கே பயத்தை வைக்கிறோம். "நடக்கலேன்னா ஷுகர் வரும், ஹார்ட் அட்டாக் வரும்!" பயம் ஷூ வாங்க வைக்கும், நான்கு நாள் நடக்கவும் வைக்கும். ஐந்தாம் நாள்? ஷுகர் எல்லைக்கோட்டில் இருப்பவருக்கு வலி இல்லை, காய்ச்சல் இல்லை. உடம்பு நன்றாகத்தான் இருக்கிறது. பயம் தானாகக் கரைந்துவிடும். அதன் இடத்தில் குற்ற உணர்ச்சி வரும். ஷூவைப் பார்த்தாலே உறுத்தும். உறுத்துவதை யாருக்குப் பார்க்கப் பிடிக்கும்? அதனால்தான் ஷூ பெட்டிக்குள் போகிறது!

வீட்டார் நச்சரிப்பதிலும் ஒரு சிக்கல் உண்டு. "போகலையா, போகலையா" என்று தினமும் கேட்டால், நடப்பது அவருடைய வேலை என்பது மாறி, மனைவியின் வேலை ஆகிவிடுகிறது. அவர் நடந்தால் மனைவி சொன்னதைக் கேட்டதாக ஆகும். நடக்காவிட்டால் தன் சுதந்திரத்தைக் காப்பாற்றிக் கொண்டதாக ஆகும். மனம் இப்படியெல்லாம் கணக்குப் போடும்!

இது ஒரு வீட்டுக் கதை அல்ல. 'லான்செட் குளோபல் ஹெல்த்' மருத்துவ இதழில் 2024ல் வந்த கணக்கின்படி, 2022ல் நம் நாட்டில் வயது வந்தவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்குப் போதுமான உடல் அசைவு இல்லை. 2000ல் இது சுமார் 22 சதவீதம்தான். 2022ல் ஆண்களில் 42 சதவீதம், பெண்களில் 57 சதவீதம். இந்தப் பெண்கள் கணக்குக்குப் பிறகு வருவோம்.

மனம் கேட்கும் மூன்று

அமெரிக்காவின் ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எட்வர்ட் டெசி, ரிச்சர்ட் ரயன் என்ற இரண்டு மனோதத்துவ அறிஞர்கள், மனிதன் ஒரு காரியத்தைத் தொடர்ந்து செய்ய எது காரணம் என்று பல ஆண்டுகள் ஆராய்ந்தார்கள். அவர்கள் சொல்வதைச் சுருக்கினால் மனம் மூன்றைக் கேட்கிறது.

ஒன்று, 'இது என் விருப்பம்' என்ற உணர்வு. டாக்டருக்காக, மனைவிக்காக, பயத்துக்காக என்று இல்லாமல், 'எனக்கு இது வேண்டும்' என்று தோன்ற வேண்டும். காலையா, மாலையா, நடையா, சைக்கிளா, ஷட்டில்காக்கா... தேர்ந்தெடுப்பது அவராக இருக்க வேண்டும்.

இரண்டு, 'என்னால் முடியும்' என்ற நம்பிக்கை. ஆல்பர்ட் பாண்டுரா என்ற அறிஞர் 1977லேயே இதைப் பற்றி விரிவாக எழுதினார். இந்த நம்பிக்கை அறிவுரையால் வருவதைவிட, தானே செய்து ஜெயித்த அனுபவத்தால்தான் அதிகம் வருகிறது. முதல் நாளே ஒரு மணி நேரம் நடந்து முட்டி வலியோடு திரும்பியவர் தோல்வியைத்தான் கற்றுக்கொள்கிறார். பத்து நிமிடம் நடந்து, "இவ்வளவுதானா!" என்று திரும்பியவர் மறுநாளும் வருவார்.

மூன்று, கூட ஒருவர். நண்பரோ, தெருக்காரரோ, மகளோ. "அவர் முக்கில் காத்துக்கிட்டிருப்பார்" என்ற நினைப்பு அலாரத்தைவிடப் பலமாக எழுப்பும்.

பெற்றோர்களுக்கு ஒரு வார்த்தை. "விளையாடினா பத்து ரூபாய் தரேன்" என்று பிள்ளைகளுக்கு ஆசை காட்டாதீர்கள். டெசி 1971ல் வெளியிட்ட ஒரு சோதனையில், புதிர் விளையாட்டுக்குப் பணம் வாங்கிய மாணவர்கள், பணம் நின்ற பிறகு அந்தப் புதிரில் முன்பைவிடக் குறைந்த நேரமே செலவிட்டார்கள். ஆசையாகச் செய்ததைக் கூலி வேலையாக்கினால் இப்படித்தான்.

ஒரு காலனி எழுந்து நடந்த கதை

"இதெல்லாம் அமெரிக்காக்காரனுக்குச் சரி, நம்ம ஊருக்கு?" என்று கேட்பீர்கள். சென்னை திருமங்கலத்தில் ஆசியாட் காலனி என்று ஒரு நடுத்தரக் குடும்பக் குடியிருப்பு. 1990களின் பிற்பகுதியில் டாக்டர் வி. மோகன் குழுவினர் அங்கே ஓர் ஆய்வு செய்தார்கள். வாரத்தில் மூன்று தடவைக்கு மேல் ஏதாவது உடற்பயிற்சி செய்தவர்கள் 14.2 சதவீதம் பேர்தான். சர்க்கரை நோயோ கணிசமாக இருந்தது.

டாக்டர்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள், விளக்கினார்கள். அதோடு நின்றிருந்தால் நாலு நாள் நடையாகத்தான் முடிந்திருக்கும். அந்தக் காலனிக்காரர்கள் ஒரு காரியம் செய்தார்கள். தங்கள் சொந்தப் பணத்தைப் போட்டு, நடப்பதற்கென்று ஒரு பூங்காவை உருவாக்கினார்கள். சில ஆண்டுகள் கழித்து மறுபடி கணக்கெடுத்தபோது, வாரம் மூன்று தடவைக்கு மேல் உடற்பயிற்சி செய்பவர்கள் 58.7 சதவீதம் ஆகியிருந்தார்கள்!

மேலே சொன்ன மூன்றையும் இங்கே பொருத்திப் பாருங்கள். பூங்கா அவர்களுடைய முடிவு, அவர்களுடைய காசு. வாசலிலேயே இருப்பதால் யாராலும் முடியும். போனால் தெரிந்த முகங்கள்.

பத்து ஆண்டு முடிவில் ஒப்பிட்டபோது, இந்த நடுத்தரக் குடியிருப்பில் சர்க்கரை நோய் 12.4லிருந்து 15.4 சதவீதமாக உயர்ந்திருந்தது. அதே ஆய்வில் இருந்த ஏழைக் குடியிருப்பில் 6.5லிருந்து 15.3 ஆகிவிட்டது. எல்லாப் பெருமையும் பூங்காவுக்கே என்று சொல்லிவிட முடியாது. வருமானம், சாப்பாடு, வேலை என்று வேறு காரணங்களும் உண்டு. ஆனால் நடக்க இடம் இல்லாதவர்களுக்கு 'நடங்கள்' என்ற அறிவுரை மட்டும் போதாது என்பதையும் இங்கே யோசிக்க வேண்டியிருக்கிறது.

நீங்கள் எந்தப் படியில்?

புகை பிடிப்பதை நிறுத்தியவர்களை ஆராய்ந்து, மனமாற்றம் படிப்படியாகத்தான் நடக்கிறது என்று 1983ல் புரோசாஸ்கா, டிகிளமெண்டே என்ற இருவர் எழுதினார்கள். உடற்பயிற்சிக்கும் அது பொருந்தும். உங்களுக்குப் பொருந்துவதை 'டிக்' செய்யுங்கள்.

1. "எனக்கு எதுக்குங்க வாக்கிங்? நல்லாத்தானே இருக்கேன்." உங்களை யாரும் வற்புறுத்த வேண்டாம். ஒரே ஒரு தடவை பி.பி.யும் ஷுகரும் பார்த்துக்கொள்ளுங்கள். மாடி ஏறும்போது மூச்சு வாங்குகிறதா என்று கவனியுங்கள்.

2. "நடக்கணும்தான்... ஆனா நேரம் எங்கே?" அந்த 'ஆனா'வுக்குப் பின்னால் வருவதை எல்லாம் ஒரு காகிதத்தில் எழுதுங்கள். எழுதினால் பாதி தானாகவே கரையும். மீதிப் பாதிக்கு வழி தேடலாம்.

3. "ஷூ வாங்கிட்டேன்." நம் துருகம் சாலைக்காரர் இந்தப் படியில்தான் இருக்கிறார். உங்களுக்கு இனி அறிவுரை வேண்டாம். நேரமும் இடமும் குறிக்க வேண்டும்.

4. "ரெண்டு மாசமா நடக்கிறேன்." சபாஷ்! சறுக்கல் அதிகம் வரும் இடம் இது. மழை நாளுக்கும் ஊருக்குப் போகும் நாளுக்கும் மாற்று ஏற்பாடு இப்போதே யோசித்து வையுங்கள்.

5. "ஆறு மாசம் தாண்டிடுச்சு." இனி நீங்கள் இன்னொருவரைக் கூட்டிக்கொண்டு போகலாம்.

நாலாம் படியிலிருந்து ரெண்டாம் படிக்குச் சறுக்குவது அவமானமில்லை. ரொம்பப் பேர் அப்படிச் சறுக்கி ஏறித்தான் மேலே போயிருக்கிறார்கள்.

எண்ணம் இருந்தது, ஏற்பாடு இல்லை

பிரிட்டனில் 248 மாணவர்களிடம் செய்த ஒரு சோதனை 2002ல் வெளியானது. முதல் குழுவுக்கு ஒன்றும் சொல்லவில்லை. இரண்டாம் குழுவுக்கு இதய நோயைப் பற்றியும், உடற்பயிற்சி அதை எப்படித் தடுக்கும் என்பது பற்றியும் படிக்கக் கொடுத்தார்கள். மூன்றாம் குழுவுக்கு அதே விவரத்தோடு, 'அடுத்த வாரம் எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்த இடத்தில் உடற்பயிற்சி செய்யப் போகிறேன்' என்று எழுதவும் சொன்னார்கள்.

முடிவைப் பாருங்கள். முதல் குழுவில் உடற்பயிற்சி செய்தவர்கள் 38 சதவீதம். இரண்டாம் குழுவில் 35. மூன்றாம் குழுவில் 91! இதய நோய் பற்றிப் படித்தவர்களுக்கு எண்ணம் என்னவோ அதிகமானது. கால் நகரவில்லை. நாளும் நேரமும் இடமும் குறித்தவர்கள்தான் கிளம்பினார்கள்.

நம் ஆள் சொன்ன 'நாளையிலிருந்து' என்பதில் மணி இல்லை, இடம் இல்லை, துணை இல்லை. "காலை காபி குடிச்சதும், செருப்பை மாட்டிக்கிட்டு, பள்ளிக்கூட மைதானம் வரைக்கும் போய்த் திரும்புவேன்" என்பதில் எல்லாம் இருக்கிறது. ஏற்கெனவே தினமும் செய்யும் ஒரு காரியத்தோடு நடையை முடிச்சுப் போடுவதுதான் இதில் சூட்சுமம். மலைக் கிராமத்தில் நடை எப்படி நாளுக்குள் கலந்திருக்கிறதோ, அதை நாம் செயற்கையாகச் செய்துகொள்கிறோம். கடைக்கு பைக்கை எடுக்காமல் போவது, பஸ்ஸிலிருந்து ஒரு ஸ்டாப் முன்னால் இறங்குவது எல்லாம் அந்த ரகம்தான்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும்? லண்டனில் 96 பேரை வைத்துச் செய்த, 2009ல் வெளியான ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. சிலருக்கு 18 நாளிலேயே படிந்தது. சிலருக்கு 254 நாள் வரை ஆகும் என்று கணக்கிட்டார்கள். இன்னொரு நல்ல செய்தி: நடுவில் ஒரு நாள் விட்டுப்போனால் பழக்கம் கெட்டுவிடவில்லை. ஆகவே மழை பெய்த ஐந்தாம் நாள் நம் ஆளைக் கெடுக்கவில்லை. "விட்டுப்போச்சு, இனிமே என்ன" என்று அவர் நினைத்ததுதான் கெடுத்தது.

அம்மா எப்போது நடப்பது?

இப்போது அந்த 57 சதவீதம். அதே வீட்டில் அந்த அம்மாவுக்கு வயது 42. காலை ஐந்து மணிக்கு எழுந்தால் பால், காபி, டிபன், மூன்று பேருக்கு மதியச் சாப்பாடு. கணவருக்கு ஷூ வாங்கிய அன்று அவருக்கு ஒரு ஜோடி வாங்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. "வீட்டு வேலையே எக்சர்சைஸ்தானே" என்று சொல்லிவிடுகிறார்கள்.

வேகமாகப் பெருக்கித் துடைப்பதும், துணி துவைத்துப் பிழிவதும் நல்ல அசைவுதான், கணக்கில் சேரும். ஆனால் அடுப்படியில் இரண்டு மணி நேரம் நிற்பது களைப்பைத் தருமே தவிர, இதயத்துக்குப் பயிற்சி ஆகாது. இவருக்குத் தேவைப்படுவது அறிவுரை அல்ல, அரை மணி நேரம். அதை வீட்டில் இருக்கும் மற்றவர்கள்தான் தர முடியும். வாரத்தில் நான்கு நாள் பால் காய்ச்சுவது அவர் பொறுப்பு, டிபன் பாக்ஸ் கட்டுவது பிள்ளைகள் பொறுப்பு என்று வைத்துப் பாருங்கள். இருட்டில் தனியாகப் போகத் தயக்கம் என்றால் பக்கத்து வீட்டு அக்காவோடு சாயங்காலம் போகலாம். தெருநாய்த் தொல்லை என்றால் மொட்டை மாடி இருக்கிறது. "பொம்பளைக்கு என்ன இந்த வயசில் வாக்கிங்?" என்று யாராவது கேட்டால், அந்தக் கேள்விக்கு வீட்டு ஆண்கள் பதில் சொல்லட்டும்.

எவ்வளவு போதும்?

உலக சுகாதார நிறுவனம் 2020ல் சொன்னது: பெரியவர்களுக்கு வாரத்தில் 150 முதல் 300 நிமிடம் மிதமான உடற்பயிற்சி. வாரம் ஐந்து நாள் அரை மணி நேரம் போட்டால் 150 வந்துவிடும். மிதமானது என்றால்? நடக்கும்போது பேச முடியும், பாட முடியாது. அதுதான் அளவு. வாரம் இரண்டு நாள் தசைகளுக்கு வலுவூட்டும் பயிற்சியும் வேண்டும் என்கிறார்கள். நாற்காலியில் உட்கார்ந்து எழுவதில் ஆரம்பிக்கலாம்.

"பத்தாயிரம் அடி நடக்கணுமாமே!" என்று பயப்படாதீர்கள். அந்த எண் 1965ல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு நடைமானியின் பெயரிலிருந்து பரவியது. 'லான்செட் பப்ளிக் ஹெல்த்' இதழில் 2025ல் வந்த தொகுப்பு ஆய்வு, சுமார் 7,000 அடியிலேயே பெரும் பலன் தெரிகிறது என்கிறது. தமிழக அரசு 2023 நவம்பரில் 38 மாவட்டங்களிலும் 8 கிலோமீட்டர் நடைபாதைத் திட்டத்தைத் தொடங்கியது. 2019ல் பிறந்த நம் கள்ளக்குறிச்சி மாவட்டமும் அந்த 38ல் ஒன்று. எட்டு கிலோமீட்டர் என்றதும் மலைக்க வேண்டாம். எட்டில் ஒன்றில் ஆரம்பிக்க யாரும் தடை சொல்லவில்லை.

பலன் நிச்சயமா? சென்னையில் டாக்டர் ஏ. ராமச்சந்திரன் குழுவினர், நம் ஆளைப் போலவே எல்லைக்கோட்டில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டு கவனித்து 2006ல் முடிவை வெளியிட்டார்கள். சாதாரண ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் நூற்றுக்கு 55 பேருக்குச் சர்க்கரை நோய் வந்தது. சாப்பாட்டையும் உடலுழைப்பையும் தொடர்ந்து சீர்செய்தவர்களில் 39 பேருக்குத்தான் வந்தது. ஷூ பெட்டிக்குள் இருப்பதற்கும் வெளியே இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் இது.

எச்சரிக்கை: நடக்கும்போது நெஞ்சு இறுக்கம், தலைச்சுற்றல், வழக்கத்தைவிட மூச்சுத் திணறல் வந்தால் உடனே நிறுத்தி டாக்டரைப் பாருங்கள். இன்சுலினோ ஷுகர் மாத்திரையோ எடுப்பவர்கள் சட்டைப் பையில் சர்க்கரையோ மிட்டாயோ வைத்திருங்கள். கால் மரத்துப்போனவர்கள் வெறுங்காலில் நடக்கவே கூடாது.

இந்த வார வீட்டுப் பாடம்

ஒரு காகிதத்தில் நான்கு வரி எழுதி, குளிர்சாதனப் பெட்டியின் கதவில் ஒட்டுங்கள். எதற்குப் பிறகு நடப்பேன்? எங்கே? யாரோடு? மழை பெய்தால் என்ன செய்வேன்? முதல் வாரம் பத்து நிமிடம் போதும். ஆசை வந்தாலும் அதற்கு மேல் வேண்டாம். இரண்டாம் வாரத்திலிருந்து ஐந்தைந்து நிமிடமாகக் கூட்டுங்கள். விட்டுப்போன நாளைப் பற்றி வீட்டில் யாரும் பேசக் கூடாது.

துருகம் சாலை வீட்டுக்கு வருவோம். அந்த அம்மாவும் ஒரு மாறுதல் செய்யலாம். "போகலையா?" என்று கேட்பதை விட்டுவிட்டு, "நானும் வரேன். எத்தனை மணிக்குப் போகலாம்னு நீங்களே சொல்லுங்க" என்று கேட்டுப் பார்க்கட்டும். மணியை அவர் சொல்லட்டும். பால் காய்ச்சுவதை யார் பார்ப்பது என்று இருவரும் பேசிக்கொள்ளட்டும். டாக்டர் கொடுத்த கெடுவில் இன்னும் ஒன்றரை மாதம் பாக்கி இருக்கிறது. இன்று ராத்திரியே அந்த ஷூவைப் பெட்டியிலிருந்து எடுத்து வாசல் நிலைப்படி ஓரம் வைக்கச் சொல்லுங்கள். பக்கத்தில் இன்னொரு ஜோடிக்கும் இடம் விட்டு!